கோடு எந்தப் பக்கம்

தந்தாலம் என்ற உலோகத்தாலான கப்பாசிற்றரை, அதாவது ஒரு சின்ன மின்தேக்கியை, கால் மாற்றித் திருப்பிப் பொருத்திவிட்டு மின்சாரம் கொடுத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். மஞ்சள் உடல் கறுத்து மின்சுற்றுப் பலகையிலிருந்து புகை எழும். 2022 மாசி மாதத்தில், நாங்கள் வந்து குடியேறிய ஸ்காபரோ நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில், ஒரே காலையில் பலகைக்குப் பலகை அந்தப் புகை எழுந்தது. ஒரு பெண்ணின் கவனக்குறைவுதான் காரணம் என்று அறிக்கை தயாரித்து என்னிடம் நீட்டினார்கள். அவர்கள் கேட்டபடி நான் கையெழுத்து வைக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வைக்கமாட்டேன்.

வீட்டு பேஸ்மென்றுகளில் நின்று வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளை நாங்கள் செய்கிறோம். செய்தவற்றைச் சோதித்து ஒப்பமிடுவது என் வேலை. தயாரிப்பு லைன் முழுக்க எங்கள் தமிழ் ஆட்கள்தான். புதிதாக வருகிறவர் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் கேட்டுத்தான் வேலை பழகுவார். கப்பாசிற்றருக்கு இரண்டு கால்கள். ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். மாறிப் போகக்கூடாது. அதற்கு எங்கள் லைனில் ஒரே பாடம்: “கோடு மைனஸ்.” உடலில் எந்தப் பக்கம் கோடு கீறியிருக்கிறதோ அந்தக் கால் மைனஸ். பல வருடங்களாக வாய்வழியே வந்த இந்தப் பாடம், நாங்கள் அதுவரை பொருத்திய கப்பாசிற்றர்களுக்கு முழுக்கச் சரி.

ஒவ்வொரு மேசைக்கு மேலும் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு செய்முறைத் தாள் தொங்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பெண் பார்ப்பார். மன்னாரைச் சேர்ந்தவர், நாற்பது வயது கடந்தவர், ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வந்தவர். எங்கள் கம்பனியே அவரை நிரந்தரமாக எடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் இருந்தார். படத்தில் ஒரு விரல், பலகையில் ஒரு விரல் வைத்து ஒப்பிட்டுத்தான் பொருத்துவார்.

“அக்கா சோதினைக்குப் படிக்கிறா,” என்பாள் அடுத்த கதிரைக்காரி.

“நீங்களெல்லாம் பாஸ் பண்ணிப் பேர்மனென்ற் ஆகிட்டியள். நான் இன்னும் எழுதேல்லையே, பிள்ளை,” என்பார் இவர்.

பெருந்தொற்றுக்குப் பிறகு உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. வழக்கமான கப்பாசிற்றர் கிடைக்காமல், அதற்கு ஈடாகக் கடலைப் பருப்பளவு மஞ்சள் தந்தாலம் வந்து இறங்கியது. மின்கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தந்தாலத்தில் கோடு இருக்கும் கால் பிளஸ். சில நிறுவனங்கள் கோட்டுக்கு அருகே கூட்டல் குறியும் போடும். இதில் கோடு மட்டும். வழக்கமாக நீளமான கால்தான் பிளஸ்; இதில் கால்களும் சமமாக வெட்டப்பட்டு வந்திருந்தன. தயாரித்த நிறுவனத்தின் விவரத்தாளில், முதற்பக்கத்திலேயே, படத்துடன் இது தெளிவாக இருக்கிறது. அதை எங்கள் செய்முறைத் தாளுக்கு யாரும் கொண்டுவரவில்லை. பழைய பாகத்தின் இலக்கத்தை அழித்துப் புதியதன் இலக்கத்தை அடித்தவர்கள் படத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்குத் திகதிகூட இல்லை.

வாய்வழிப் பாடமும் கோடு மைனஸ் என்றது. தாளில் இருந்த படமும் அதையே சொன்னது. அன்றைக்குத் தந்தாலம் பொருத்தியவர் அவர்; அந்தக் கதிரையில் வேறு யார் இருந்திருந்தாலும் பலகை எரிந்திருக்கும்.

அறிக்கையில் ‘காரணம்’ என்பதற்குக் கீழே மூன்று பெட்டிகள்: இயந்திரம், பொருள், ஆள். மூன்றாவதில் ஏற்கெனவே சரி போட்டிருந்தது.

“அண்ணை, உதில ஒரு கையெழுத்து. மேல அனுப்போணும்,” என்றார் லைனுக்குப் பொறுப்பான சுப்பவைசர்.

“ஆள் பிழை எண்டு ஆர் சொன்னது?”

“பின்ன, கப்பாசிற்றர் தானா எழும்பித் திரும்பி இருந்ததே?”

“தாளைப் பாரும், தம்பி. அவ தாளில கிடக்கிற மாதிரித்தான் வைச்சிருக்கிறா.”

“உந்தத் தாளை ஆர் அண்ணை பாக்கிறது?”

“அவ பாத்தவ.”

அவர் சிரித்தார். “உங்களுக்கு எல்லாத்துக்கும் கல்வெட்டு வேணும்.”

நான் பழைய கல்வெட்டுகளைப் பற்றி வாசிப்பவன் என்பது அவருக்குத் தெரியும். பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் உண்மை. ஒரு துண்டு நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தால்கூட, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, கிழக்கே எது எல்லை, தெற்கே எது எல்லை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கொடுத்தவனும் வாங்கியவனும் செத்த பிறகும் சண்டை வரக்கூடாது என்பதற்காக. அவர்கள் கல்லில் செய்ததை, கணினியும் அச்சு இயந்திரமும் வைத்திருக்கும் நாங்கள் ஒரு தாளில் செய்யக்கூடாதா?

சுப்பவைசர் கெட்டவர் இல்லை. பனி கொட்டும் நாட்களில் பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து மூன்று பேரைத் தன் காரில் ஏற்றி வருபவர். ஆள் பிழை என்றால் அறிக்கை அன்றைக்கே முடிந்துவிடும். தாள் பிழை என்றால் லைனை நிறுத்தவேண்டும், பொறியியல் பிரிவு இறங்கி வரவேண்டும், வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டும். அவருக்கு அந்த நாள் சிக்கலில்லாமல் முடிந்தால் போதும்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார்.

“அண்ணை, நீங்கள் கையெழுத்து வைக்கேல்லையாம்.”

“ஓம்.”

“வையுங்கோவன். நான் ஒத்துக்கொண்டா திருப்பி ரெயினிங் தந்திட்டு விட்டிடுவினம் எண்டு சுப்பவைசர் தம்பி சொல்லுது.”

“உங்கட பேரில அறிக்கை இருந்தா ஏஜென்சி ஆளைப் பேர்மனென்ற் ஆக்கமாட்டினம், தங்கச்சி. நான் இஞ்ச கன பேரைப் பாத்திட்டன்.”

அவர் பாதி சாப்பிட்டிருந்த சாப்பாட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்தார். பிறகு, “உங்களுக்கு உது நியாயம். எனக்கு வேலை, அண்ணை. ரெண்டும் ஒண்டில்லை,” என்றார்.

தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தொலைபேசியில் திறந்து அவரிடம் கொடுத்தேன். மஞ்சள் உருவம், கோடு, கோட்டிலிருந்து ஓர் அம்புக்குறி, அதன் நுனியில் கூட்டல் அடையாளம். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“உது எப்பவும் இருந்ததோ?”

“கப்பாசிற்றர் வந்த நாளிலையிருந்து இருக்குது.”

“அப்ப நான் பிழை விடேல்லை.”

“இல்லை.”

காலையிலிருந்து, தானே ஏதோ செய்துவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடினார். தன் மேசைக்குப் போய், உறைக்குள் இருந்த தாளை உருவிக்கொண்டு நேரே சுப்பவைசரிடம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

“தம்பி, நான் ஒத்துக்கொள்ளமாட்டன். இஞ்ச பாரும், படத்தில கோடு எந்தப் பக்கம் கிடக்குது? நாளைக்கு ஏஜென்சி இன்னொரு பிள்ளையை அனுப்பும். அவளும் உப்பிடித்தான் வைப்பாள். அவளையும் வேலையால கலைப்பியளோ?”

“அக்கா, கத்தாதேங்கோ.”

“கத்தேல்லை. தாளில இருக்கிறதை வாசிக்கிறன்.”

சுப்பவைசர் என்னைப் பார்த்தார். நான் அறிக்கையை எடுத்து மூன்றாவது பெட்டியில் இருந்த சரியை வெட்டினேன். அதற்குக் கீழே நாலாவதாக ஒரு பெட்டி கீறி, பக்கத்தில் ‘ஆவணம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்குள் சரி போட்டுக் கையெழுத்தும் திகதியும் இட்டேன். கம்பனிப் படிவத்தைக் கெடுத்துவிட்டேன் என்றார் சுப்பவைசர். ஓம், கெடுத்தேன். ஓர் ஆவணம் பிழைவிடக்கூடும் என்பதையே ஒத்துக்கொள்ளாத படிவம் கெடத்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் லைன் நின்றது. பொறியியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு புதிய தாள் போட்டார்கள்: புதிய படம், பெரிய கூட்டல் குறி, அடியில் திகதி. அதற்குப் பிறகு எனக்குச் சனிக்கிழமை ஓவர்ரைம் வருவது நின்றுவிட்டது. நிற்கட்டும். தாளையெல்லாம் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாசிக்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். நீங்கள் தவறாக எழுதியதற்கு முதலில் அடிபடுகிறவரும் அவர்தான்.

அவர் பெயரில் அறிக்கை ஏறவில்லை. அந்தக் கோடைகாலத்தில் நிரந்தரமானார். சில வாரங்களில் வேறொரு நிறுவனத்தின் டயோட்டுகள், அவையும் கால் மாறக்கூடாத பாகங்கள், வந்து இறங்கின. ஒரு காலை லைன் அசையாமல் நிற்பதைக் கண்டு போனேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சுப்பவைசர் பக்கத்தில் நின்றார்.

“என்னக்கா, ஏன் நிக்குது?”

“உந்தச் சாமான் தாளில இல்லை, தம்பி.”

“பக்கத்தில கேளுங்கோவன்.”

“கேட்டன். அவைக்கும் தெரியாதாம்.”

“எவ்வளவு நேரம் உப்பிடி இருக்கப்போறியள்?”

“தாள் வருமட்டும்.”

அடுத்த கதிரைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பலகையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு அவளும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.