முகூர்த்தப் புடவையோடு ஓடினேன்

ஐம்பது வயதுக்கு மேல் நான் புடவை கட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தது தெரிந்ததும், மேனேஜர் ரொம்ப மரியாதையாக உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் சாவியை வாங்கிக்கொண்டார். ஓட்டும்போது சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் ஆபத்து; அவர் செய்ததில் தப்பில்லை. ஆனாலும் அந்த டீ எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அப்புறம் சில மாதம் வீட்டில் உட்கார்ந்து சாம்பாருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன் வேலை கிடைத்தபோது, "இதுவும் போச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா!" என்றாள் என் மனைவி. அதனால் ஊசியைப் பற்றிக் கடையில் மூச்சு விடவில்லை.

எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம். வாங்க வந்தவர்கள் கைகாட்டும் புடவையை, விற்கிற ஆளே சட்டை பேண்டுக்கு மேல் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானை போட்டுக் காட்டவேண்டும். மீசையும் தொப்பையுமாக நின்ற நான் முதலில் வெட்கத்தில் செத்தேன். போகப்போகக் கொசுவம் அழகாக வந்தது. என் மனைவிக்குக்கூட அவ்வளவு சீராக வராது. அதை அவளிடம் சொல்லுமளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை.

ஒருநாள் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மணப்பெண் எந்தப் புடவைக்கும் உதட்டைப் பிதுக்கினாள். என் சாப்பாட்டு நேரம் தள்ளிக்கொண்டே போனது. அரக்கு நிற முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது கை நடுங்கி, கண் இருட்டியது. சர்க்கரை இறங்குகிறது! கடலை மிட்டாய் பேண்ட் பையில். பேண்ட் பை புடவைக்குள். அவசரமாக உருவினால் ஜரிகை போச்சு. வியர்வை சொட்டினால் பட்டே போச்சு. வாய்விட்டுக் கேட்டால் வேலை போச்சு.

கடை வாசலில், வருகிறவர்களுக்குச் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த தட்டு இருக்கும். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். உச்சி வெயிலில், தெருவே பார்க்க, கற்கண்டை அள்ளி அள்ளி வாயில் போட்டேன்.

முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார். என்னைவிடச் சின்னவர். "என்னா ஆச்சுண்ணே?"

வாய் நிறையக் கற்கண்டு இருக்கும்போது பொய் வரவில்லை. "சுகருங்க. ஊசி போட்டுக்கினு இருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?" என்றேன். அழுகை வந்துவிட்டது. போச்சு என்றே நினைத்தேன்.

உள்ளேயிருந்து மணப்பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா, வெயில்ல அந்தக் கலரு எப்படி இருக்குது பாரும்மா! அதையே எடுத்துக்கலாம்!"

முதலாளி என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். "இனிமே மொதல்ல சாப்பாடு, அப்புறம் வியாபாரம். இன்னாண்ணே?" என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் வேறொரு மணப்பெண் உதட்டைப் பிதுக்கினாள். முதலாளி என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, வாசல் வரைக்கும் ஒரு தபா ஓடுங்க."

"இப்ப எனக்கு சுகரு சரியாத்தான் இருக்குதுங்க."

"பரவால்ல, சும்மா ஓடுங்க."

கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினேன்.