சூடாக நின்ற மோட்டார்

மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதையும் குணத்தையும் சொல்லிவிடுவார் குழந்தைவேலு. ரங்கூன் அரிசி மில்களுக்கு மூட்டை இழுத்த ஏழு ஜோடி மாடுகளுக்குச் சொந்தக்காரர். பதினாறு வயதில் கப்பலேறி வந்து, யாருடைய வண்டிக்குப் பின்னாலோ நடந்து, இருபது வருஷத்தில் ரங்கூனை ஒட்டிய தின்கன்ஜூனில் சொந்தக் கொட்டகை போட்டவர். பர்மாக்காரர்கள்கூட அவரை "கோ வேலு" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்ததில் குற்றமே இல்லை. தனக்குத் தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொள்ளாததுதான் வினை.

ஆடம்பரத்துக்காக அவர் மோட்டார் வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் நமக்குத்தான் வரும். மனைவி நீலாம்பாளுக்கு முதல் பிரசவத்தில் இரண்டு நாள் வலி. கடைசியில் மாட்டு வண்டியில் ரங்கூன் பட்டணம் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இறந்தே பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த மதராஸ்காரி டாக்டரம்மா குழந்தைவேலுவைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "இடுப்பெலும்பு குறுகலாக இருக்கிறது. அடுத்த தடவை வலி கண்டதும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும். வயிற்றைக் கீறித்தான் எடுக்க முடியும். தாமதமானால் இரண்டு உயிரும் தங்காது. கடைசி மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே எங்காவது தங்கிக்கொள்ளுங்கள்."

1926-ஆம் வருஷம் நீலாம்பாள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இருந்த ஐந்து மைல் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு குழந்தைவேலு மோட்டார் தேடப் புறப்பட்டார். ஊருக்குத் திரும்பும் துரைமார்கள் விட்டுப்போகும் பழைய வண்டிகளை விற்றுக்கொடுக்கும் தரகர் பொன்னுத்துரை, கறுப்புப் பூச்சு மங்காத ஒரு வண்டியைக் காட்டினார். குழந்தைவேலு அதைச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்தார். முன்பக்க மூடியின் மேல் கையை வைத்தார். சுட்டது.

"இப்பத்தான் அண்ணே மிங்கலாடோன் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்" என்றார் பொன்னுத்துரை.

குழந்தைவேலுவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மாடு வாங்குகிறவன் கட்டுத்தறியில் நிற்கிற மாட்டை நம்ப மாட்டான். தீனி போட்டு, ஓய்வு கொடுத்து, எதை வேண்டுமானாலும் பளபளவென்று நிறுத்தலாம். பாரம் இழுத்துவிட்டு வந்து மூச்சு வாங்க நிற்கும் மாட்டிடம்தான் உண்மை தெரியும். இந்தக் கணக்கில் அவர் ஒருநாளும் தோற்றதில்லை. பொன்னுத்துரை வண்டி முகப்பில் செருகியிருந்த ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார், வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. குழந்தைவேலு மறுபடி இரண்டு தடவை போய்ப் பார்த்தார். முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போனார், அதுதானே மரியாதை! இரண்டு தடவையும் வண்டி சூடாகவே நின்றது.

மில்லில் எஞ்சின் பார்க்கிற அப்துல் சமதுவிடம் பெருமையோடு சொன்னார். சமதுவின் முகம் மாறியது.

"வேலண்ணே, மூணு தடவையும் சூடாவா இருந்துச்சு?"

"ஆமா பாய். உழைக்கிற வண்டி."

"மாட்டுக்கு நீங்க சொல்றது சரி. எஞ்சின் அப்படியில்லண்ணே. சூடா இருந்தா எதுவும் சட்டுனு எந்திரிச்சுடும். சில்லுனு இருக்கும்போது எடுக்கச் சொல்லிப் பாக்கணும், அப்பத்தான் அதோட வண்டவாளம் தெரியும். சொல்லாம கொள்ளாம விடியக்காலையிலே போங்க. வேணும்னா நானும் வர்றேன்."

"மூணாம் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனா பேரம் படியாது பாய்" என்று சிரித்துவிட்டு வந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். நேற்றுவரை சக்கரத்துக்கு எண்ணெய் போட்டவன், மாடு பிடிப்பதில் ஊரே புகழ்கிற ஆளுக்கு வாங்கச் சொல்லித் தருகிறானாம்!

மறுநாளே போய், சந்தையில் செய்வதுபோல் துண்டுக்குள் கையை மறைத்து, பொன்னுத்துரையின் விரலைப் பிடித்துப் பேரம் பேசினார். பொன்னுத்துரை அந்த விளையாட்டை ரொம்ப ரசித்திருப்பார். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு மாடு செத்தாலும் திரும்பப் போய்க் கேட்கக் கூடாது என்பது மாட்டுக்காரர்களின் நியாயம். மோட்டாருக்குப் பணம் சேர்க்க, குதிரையோடு போட்டி போட்டு ஓடும் வெள்ளை மாட்டு ஜோடியை மாவ்பி ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். அந்த ஜோடி போன அன்று நீலாம்பாள் சாப்பிடவில்லை.

ஓட்டப் பழகியதெல்லாம் சித்திரை வெயிலில், மத்தியானத்தில். வண்டியும் முரண்டு பிடிக்காமல் ஓடியது. வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் ஈரக் காலையில் ஹாண்டிலை இருபது தடவை சுற்றிய பிறகுதான் எஞ்சின் இருமியது. அடுத்த வாரம் நாற்பது. வண்டியோட்டிகள் கொட்டகை ஓரமாக நின்று வாய்க்குள் சிரித்தார்கள். துண்டு எடுத்தாகிவிட்டதே, பொன்னுத்துரையிடம் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சமதுவிடம் போகவோ முகமில்லை.

"காலையிலே இது எந்திரிக்கவே மாட்டேங்குதே" என்றாள் நீலாம்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தபடி.

"புது எடம். பழகிடும்."

எட்டாம் மாதம் அவளுடைய அக்கா தங்கமணி வந்தாள். ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள். நனைந்த குடையை மடக்குவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"மாப்பிள்ளை, நீலாவை நா கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுலேருந்து அவ நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"எதுக்கு? மோட்டார் வாங்கி வாசல்லே நிறுத்தியிருக்கேன், என் பெண்டாட்டி அடுத்தவன் வீட்டுத் திண்ணையிலே போய்க் கிடக்கணுமா?"

"திண்ணையா? என்னா மாப்பிள்ளை, எங்க வீட்டையா இப்படிச் சொல்றீங்க?"

தன் பேச்சு குழந்தைவேலுவுக்கே சுருக்கென்றது, ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க வீம்பு விடவில்லை. நீலாம்பாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் போக ஆசைதான். பயமும் இருந்தது. "இருக்கட்டும்க்கா. இங்கேயே இருந்துக்கறேன்" என்றாள். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பொன்னுத்துரை ஏமாற்றியது போகட்டும், அது தரகன் பிழைப்பு.

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வலி எடுத்தது. நாள் கணக்குக்குப் பத்து நாள் முன்னால். வண்டிகளெல்லாம் ஐந்து மணிக்கே மில்லுக்குப் போய்விட்டன. விடாமல் மழை. அந்தப் பக்கம் மழை நாளில் குதிரை வண்டி தலைகாட்டாது.

குழந்தைவேலு ஹாண்டிலைப் பிடித்தார். சுற்றினார். நூறு வரைக்கும் எண்ணியவர் பிறகு எண்ணவில்லை. எஞ்சின் ஒரு தடவை இருமி, ஹாண்டில் எதிர்ப்பக்கம் உதறி அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது. இடது கையால் சுற்றினார். வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போயிற்று. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா த்வே ஓடிவந்து நீலாம்பாளைத் தாங்கிக்கொண்டாள்.

எட்டரை மணிக்கு அவர் ஹாண்டிலைச் சேற்றில் எறிந்தார். குளம்புப் புண்ணுக்காகக் கட்டிப்போட்டிருந்த கிழட்டு ஜோடி ஒன்றுதான் கொட்டகையில் மிச்சம். வீட்டில் வேறு வண்டியும் இல்லை. ஆகவே அந்த மாடுகளை மோட்டாருக்கு முன்னால் கயிறு போட்டுப் பூட்டினார். மா த்வேயின் புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பின்சீட்டில் மா த்வேயின் மடியில் தலைவைத்து நீலாம்பாள் படுத்திருந்தாள்.

ஐந்து மைல். வழியெல்லாம் ஜனங்கள் கடைகளை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். மாடு பூட்டிய மோட்டாரை யார் கண்டிருக்கிறார்கள்? சின்னப் பிள்ளைகள் கூடவே ஓடிக் கைதட்டின. யாரோ சீட்டியடித்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? குழந்தைவேலு மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். ஆயுளில் முதல் தடவையாக மாட்டின் வாலை முறுக்கி, சாட்டையால் விளாசினார்.

"அடிக்காதீங்க" என்று உள்ளேயிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது. "அதுகளாலே முடிஞ்சது அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் கால் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. டாக்டரம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடினாள். யாரோ போய்ச் சொல்லித் தங்கமணி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். சேதி கிடைத்து அவள் வந்து சேரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா வெளியே வந்தாள். "குழந்தை முன்னாலேயே போய்விட்டது. அம்மாவையும் காப்பாற்ற முடியவில்லை" என்றாள். தங்கமணி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவளை எழுப்பிய டாக்டரம்மா வீடு எங்கே என்று கேட்டாள். இரண்டு தெரு தள்ளி என்று தங்கமணி கையைக் காட்டினாள்.

டாக்டரம்மா மெதுவாகக் குழந்தைவேலுவின் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்ததா? அப்புறம் ஏன் கொண்டுவந்து வைக்கவில்லை?"

வீங்கிப்போன மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், கேட்டவள் விடுவதாக இல்லை.

"வீட்டிலே மோட்டார் இருக்குதேன்னு இருந்துட்டோம், அம்மா" என்றார்.