குகன் இல்லாத குறூப்பில் குகனைக் கூப்பிட்டோம்

கிறிக்... கிறிக்...

துருப்பிடித்த சைக்கிள் மணிச் சத்தம். கூடவே பின்னேர வெயிலில் காயும் வெங்காயத் தாளின் வாசம். உடுப்பிட்டியில் எங்கள் வொலிபோல் கிளப்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பந்து அல்ல, இந்த இரண்டும்தான்.

ஏனென்றால் அந்த நாளில் எங்கள் விளையாட்டு மைதானத்தில் தொடங்காது. குகன் வீட்டு கேற்றடியில்தான் தொடங்கும்.

குகன் எங்கள் அடிகாரன். அவன் எழும்பி அடித்தால் எதிர்ப்பக்கம் நிற்பவன் கண்ணை மூடிக்கொள்வான். கோபமும் அதே உயரத்துக்கு எழும்பும். பந்தை ஒழுங்காகத் தூக்கிக் கொடுக்கவில்லை, தோற்ற பிறகு எவனோ சிரித்துவிட்டான்... ஏதாவது ஒன்று போதும். "இனி இந்தப் பக்கம் வரமாட்டன்" என்று கழற்றி வைத்த சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். மாதம் ஒருமுறையாவது கிளப்பை விட்டு விலகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அடுத்த நாள் கப்டன் சிறி அண்ணை எங்களையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் மணியடிப்பார். குகனின் அம்மா வருவா.

"அவன் இல்லைத் தம்பி. வெளியிலை போட்டான்."

அவ சொல்லிக்கொண்டு நிற்கும்போதே ஜன்னலுக்குள் கிளப் ஜேர்சியின் மஞ்சள் தெரியும். நாங்கள் கண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டோம்.

"பரவாயில்லை அம்மா, நாங்கள் நிக்கிறம்" என்று அண்ணை சைக்கிளை மதிலில் சாத்துவார். தேத்தண்ணி வரும். வெங்காயம் விலைபோகாத கதை, கிணறு வற்றின கதை எல்லாம் ஆறுதலாக முடியும். பிறகு, வெளியே போயிருந்த குகன் வீட்டுக்குள்ளே இருந்து வருவான். காலில் சப்பாத்து ஏற்கெனவே கட்டியிருக்கும்!

யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. என்ன பிரச்சினை என்றும் கதைப்பதில்லை. "ஏறடா" என்பார் அண்ணை. குகன் சைக்கிள் பாரில் ஏறி இருப்பான். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் சனம் கலியாணத்துக்கே போகாது. கோவித்துக்கொண்டு போனவனுக்கும் அதே நியாயம்தான்.

...

இந்த வருடம் நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி என்றதும் பழைய ஆட்கள் திரும்பவும் கூடினோம். சிறி அண்ணை இப்போது கனடாவில். அங்கிருந்தே ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கி என்னை அட்மின் ஆக்கிவிட்டார். பிடித்தது சனி.

"நாளை பின்னேரம் பிறக்ரிஸ்" என்று பயிற்சிக்குக் கூப்பிட்டால் வரிசையாகக் கட்டைவிரல் விழும். மைதானத்துக்குப் போனால் நானும் இரண்டு மாடும் நிற்போம். கட்டைவிரலுக்கு அர்த்தம் 'வாறன்' அல்ல, 'பார்த்தேன்' என்று விளங்கவே எனக்குக் கனநாள் எடுத்தது. போட்டி விபரம் போட்டால் அது காலை வணக்கப் பூக்களுக்கும் யாரோ ஒருவரின் மகளின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடியில் புதைந்துபோகும்.

அதையெல்லாம் சமாளித்தேன். சமாளிக்க முடியாமல் போனது வசந்தன் குறூப்பில் பேசிப் போட்ட வொய்ஸ்.

வசந்தன்தான் அன்றும் இன்றும் குகனுக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவன். ஒரு பயிற்சி ஆட்டத்தில் தோற்ற அன்றிரவு பகிடியாகச் சொன்னான்: "குகன் எழும்பத்தான் பாக்கிறான், வயிறு விடுதில்லை." மைதானத்தில் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் குகனே சிரித்திருப்பான். ஆனால் அவன் அதை மனிசி பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து கேட்டிருக்கிறான். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வேறு.

கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. 'குகன் வெளியேறினார்.'

எல்லோரும் பதறிப்போனோம். உண்மையாகவே கெஞ்சினோம். "வாடா மச்சான்", கும்பிடும் கைகள். வசந்தன், "பகிடிக்குத்தான்ரா சொன்னனான், நீயில்லாமல் என்ன ரீம்" என்று நீளமாக எழுதினான். சிறி அண்ணை கனடாவில் இருந்து ஒரு வொய்ஸ் போட்டார்: "குகன், நான் உன்ரை கேற்றடியிலை நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு வாடா."

பதில் இல்லை.

மெல்ல மெல்லக் கெஞ்சல் கோபமானது. "உவருக்குத் தலைக்கனம்" என்றான் ஒருவன். தனியே ஒரு போன் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. குறூப்பில்தான் எல்லோரும் கேட்டாயிற்றே! அவன் இல்லாமலே போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டத்திலேயே தோற்று வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாள் குகன் தன் கேற்றடியில் நிற்கக் கண்டேன். நல்லாக ஏசிவிட்டுப் போவம் என்றுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

"இவ்வளவு பேர் கேட்டும் உனக்கு மனம் இரங்கேல்லை என்ன?"

"ஆர் கேட்டது? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"இந்தா, நீயே பார்" என்று போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டு போனேன். அந்தச் சாம்பல் வரி வந்தது. நாங்கள் கெஞ்சினது முழுக்க அதற்குக் கீழே.

அவன் வெளியேறிய குறூப்பிலேயே நின்று அவனைக் கூப்பிட்டிருக்கிறோம்...

குகன் போனை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தான். சிறி அண்ணையின் குரலைத் திரும்பவும் போட்டுக் கேட்டான்.

"மற்ச் அண்டைக்கு நான் வெளிக்கிட்டு நிண்டனான்" என்றான். "சப்பாத்தும் கட்டிக்கொண்டு இதிலைதான் நிண்டனான். ஆராவது வருவியள் எண்டு."

நான் போனைத் திரும்ப வாங்கினேன்.

ஒரு தட்டில் அவனைத் திரும்பக் குறூப்பில் சேர்த்தேன். மணியில்லை, தேத்தண்ணியில்லை, வெங்காயக் கதையில்லை. வசதிதான். ஆனால் அந்தக் கதைகள் முடியும் நேரத்தில்தான் அவன் கோபமும் முடிந்தது என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நேற்றுப் பின்னேரம் பிறக்ரிஸ். குறூப்பில் போட்டேன். குகனிடமிருந்தும் கட்டைவிரல் வந்தது. ஆனாலும் அவன் வீட்டுக்குப் போய் ஹோர்ன் அடித்தேன். அவன் அம்மா இப்போது உயிரோடு இல்லை. மகள்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா இல்லை மாமா. வெளியிலை போட்டார்."

ஜன்னலுக்குள் மஞ்சள் தெரிந்தது.

"பரவாயில்லைப் பிள்ளை, நான் நிக்கிறன்" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.