போகாத கறையைத் தேடிய என் தம்பி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. வருஷத் திதிக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், "அத்த, அப்பாவப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று தம்பி மகள் பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். பேச்சில் அவன் இவன் என்றே பழகியவள் நான். மலரில் அவர் என்றுதான் போட வேண்டுமாம். முன்னே பின்னே இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது திருமழிசையில். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு போட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டே சாப்பிடுவார். அப்பா தவறிய பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்தார். தோலுக்குச் சாயம் அடிக்கிற வேலை. கல்யாணமாகிச் சென்னீர்குப்பத்தில் குடியேறினார். என் வீட்டுக்காரர் காலமானதும் என்னையும் அங்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டார். தம்பி மனைவி ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

அவளுடைய கால்தான் தம்பியின் வாழ்க்கை ஆகிவிட்டது. கடைச் செருப்பு எதைப் போட்டாலும் வார் பட்ட இடமெல்லாம் சிவந்து, கொப்புளம் வந்து, தண்ணீர் வடியும். ரப்பரும் சேராது. தோலைப் பதனிடுகிற மருந்தும் அதில் போடுகிற சாயமும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஹைவேயைத் தாண்டி அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வருவாள். பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி கேட்டாளாம், "இன்னாமே, ஊட்டுக்காரரு தோல் கம்பெனி, உன் கால்ல துணியா கீது?" அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தம்பி சாப்பிடாமல் எழுந்து போனார்.

அதிலிருந்து அவர் ஓயவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட, சாயம் ஏறாத தோலை வாங்கி வந்தார். அப்படியே தைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அப்படியும் தைத்தார். மழையில் நனைந்து காய்ந்ததும் அது விறைத்து வெடித்துவிட்டது. திட்டுத் திட்டாக வெளுத்தும் போனது. "நாலு பொம்பளைங்க மாதிரி அவளும் கலர் செருப்பு போட்டுனு போவணும்க்கா" என்றார்.

முதலில் வெங்காயச் சருகை அடுப்பில் கொதிக்கவிட்டு அதிலேயே தோலைப் போட்டார். தோல் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அப்புறம்தான் வெதுவெதுப்பில் ஊறப்போட வேண்டும் என்று புரிந்தது. டீக்கடைச் சக்கை, ஜூஸ் கடையில் எறிகிற மாதுளைத் தோல், கோயிலில் வாடிப்போன சாமந்தி மாலை என்று எதையும் விடவில்லை. ஆகாயத்தாமரையைக்கூட அள்ளி வந்து ஊறவைத்தார். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் போட்ட சண்டையை எழுதினால் மலர் பத்தாது.

பீட்ரூட்டில் அழகான சிவப்பு வந்தது. தம்பி மனைவி ஆசையாகப் போட்டுக்கொண்டு போனாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்துக்கொண்டது.

"ஐயோ, யம்மா, கால்ல ரத்தம் ஊத்துது பாரு!" என்று ஒரு பூக்காரி கத்தியிருக்கிறாள்.

"ரத்தமில்லமா, எங்க ஊட்டுக்காரரு போட்ட பீட்ரூட்டு" என்றாளாம் இவள்.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பி மட்டும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார். திடீரென்று என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தார். "யக்கா, இந்தக் கறை இன்னாது?"

"வாழத்தண்டு நறுக்கினது. அது போவாதுடா."

"அதத்தான் நான் தேடினுகீறேன்!"

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலே தம்பி கண்ணில் படாமல் ஒளித்துவைக்கப் பார்ப்பேன். மண்டப வாசலில் கட்டுகிற வாழைமரத்துக்காகவே தம்பி வருவார். பந்தியில் உட்கார மாட்டார், மரத்தடியிலேயே நிற்பார். என் ஓரகத்தி மகள் கல்யாணத்தில் பொறுக்க முடியாமல் கத்தியை வைத்துவிட்டார். பெண்ணின் தாய்மாமன் ஓடி வந்தார்.

"யோவ், பொண்ணு மாப்ள இன்னும் மண்டபத்த உட்டே கெளம்பல, அதுக்குள்ள வாழைய வெட்றியா? உனுக்கு அறிவு கீதா?"

"கோச்சிக்காத மாமே, வாடிப்போச்சின்னா கறை வராது."

"கறையா? நல்ல நாளும் அதுவுமா இன்னாய்யா பேச்சு இது!"

நான் சாப்பாட்டுக் கூடத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைசியில் மண்டபத்து வாட்ச்மேன் அண்ணன்தான் நடுவில் புகுந்து, பெண் கிளம்பிய பிறகு இரண்டு மரத்தையும் அவரே வெட்டிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் போன் செய்து கூப்பிடுவார். அந்த அண்ணனுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வாழைச்சாறு மட்டும் போட்டால் நிறம் பழுப்பாக வந்து மங்கிவிடும். புளித்த கஞ்சியில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்து அதையும் ஊற்றினார், கருத்தது. இன்னும் ஏதோ குறைகிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவார். கடைசி வாரம் கொரட்டூர்ப் பக்கம் போய்விட்டு ஒரு சின்னச் சாக்கோடு வந்தார். அதில் இருந்ததைத் துவைக்கிற கல்லில் இடித்து அரை டிரம்மில் போட்டார். தோலை முக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "யக்கா, இது சும்மா கெடந்தா திட்டு திட்டா புடிச்சிரும். போவ வர பொரட்டினே இருக்கணும். இந்த தபா அவ காலு கடிக்காது பாரு."

மறுநாள் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உட்காராத மனுஷர்.

வீடு நிறைய ஜனம். டிரம்மைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார்கள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தோலைப் புரட்டினேன். "சாவு ஊட்ல இன்னா வேல இது?" என்று ஒரு குரல் வந்தது. கூனிக் குறுகிப்போனேன். ஆனால் கையை எடுக்கவில்லை. தம்பி மனைவி உள்ளேயிருந்தே சொன்னாள், "அண்ணிய உடுங்க."

காரியம் முடிவதற்குள் தோல் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்தது. தம்பியோடு வேலை பார்த்த அண்ணன் பசை ஒட்டாமல் நூலிலேயே செருப்பைத் தைத்துக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

தம்பி மனைவி அதை அலமாரியில் வைத்துவிட்டாள். நான் தினம் எடுத்து வாசலில் வைப்பேன். அவள் திரும்ப உள்ளே வைப்பாள்.

"போட்டுக்க, கண்ணு. உனுக்குன்னுதான செஞ்சான்."

"கடிச்சிட்டா, அண்ணி, யாருகிட்ட போயி சொல்வேன்?"

மறுநாளும் எடுத்து வாசலில் வைத்தேன். நல்ல வெயில் காலத்தில் ஒரு காலை, வாசலில் வைத்த செருப்பைக் காணவில்லை. அவளையும் காணவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, தம்பி மாதிரியே வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். சாயந்திரம் வந்ததும் அவள் காலைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை. நனைத்துப் பார்த்தோம், சாயம் விடவில்லை. அன்றிலிருந்து அதைத்தான் போடுகிறாள்.

இப்போது கட்டைவிரல் பக்கம் வார் நைந்துவிட்டது. அதே தோலை வாங்கி, வாழைச்சாறும் ஆணிக் கஞ்சியும் ஊற்றி நானும் தம்பி மகளும் சாயம் போட்டுப் பார்த்தோம். அவள் காலில் கட்டியதும் வியர்வையிலேயே சாயம் வழிந்தது, வழிந்த இடம் மறுபடி சிவந்தது. அந்தச் சாக்கில் இருந்ததுதான் எங்களிடம் இல்லை.

தம்பிக்குத் தோள் கொடுத்தவர்கள், வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன். மேலே எழுதியதில் ஊர், உறவு எது தப்பாக இருந்தாலும் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். ஒன்றை மட்டும் கட்டாயம் விசாரித்துச் சொல்லுங்கள். கொரட்டூரில் தம்பிக்குச் சாக்கு கொடுத்தது யார்? அதில் இருந்தது பட்டையா, காயா, காய்ந்த பூவா? இடிக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். துவர்ப்பாக ஒரு வாசனை வந்தது, அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. கொரட்டூரா, அதற்கு அடுத்த ஊரா என்பதில்கூட எனக்கு இப்போது சந்தேகம். வார் அறுவதற்குள் யாராவது வந்து சொல்லுங்கள்.