மகனைத் தேடிப் போனவரின் மகன்

எங்கள் தாத்தாவின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அவரைக் ‘கப்பக்காரர்’ என்றே அறிவீர்கள். யுத்த காலத்தில் கப்பற்படையில் இருந்தவர் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கப்பலைப் பற்றி அவர் ஏன் வாய் திறந்ததில்லை என்பது சிலருக்கே தெரியும். அதை இப்போதாவது எழுது என்று அப்பா சொன்னார். பேத்தியாகிய நான் எழுதுகிறேன்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிக் கிடந்த ஒரு சிற்றூரில் தாத்தா பிறந்தார். சொந்த நிலம் கிடையாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். அவருடைய தந்தையாரை, தாத்தா அழைத்தபடி ‘அய்யா’ என்றே இங்கு குறிப்பிடுகிறேன். அய்யா மறுமணம் செய்துகொள்ளவில்லை. கூலி வேலைக்குப் போகும் காடுகளுக்கெல்லாம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம்; மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் களை எடுப்பாராம். தான் அரை வயிறு கூழ் குடித்து, மகனைத் திருமங்கலத்தில் தங்க வைத்து எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மழையும் பொய்த்தது. மதுரையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பட்டாளம் என்று நினைத்துப் போன தாத்தாவைக் கப்பற்படைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதுவரை கண்மாயைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்தறியாதவர். மதுரை ரயிலடிக்கு வழியனுப்ப வந்த அய்யா ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

“அம்புட்டுத் தண்ணிக்கு நடுவுல எங்கப்பா படுப்பே?”

“கப்பல்லயே படுக்க எடமிருக்காம்யா. நீங்க கவலப்படாம இருங்க.”

கப்பலில் தாத்தாவுக்குக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. பம்பாயிலிருந்து கடிதம் தவறாமல் வரும். ஊர்ப் பள்ளி வாத்தியார் அதை அய்யாவுக்குப் படித்துக் காட்டுவார். ஒரு சமயம் கடிதம் நின்றுபோனது. தாத்தாவின் கப்பல் குண்டுவீச்சில் தீப்பிடித்து மூழ்கியிருந்தது. இரு கைகளும் வெந்துபோய், பேனா பிடிக்க முடியாமல், இலங்கையில் ஒரு மருத்துவமனையில் அவர் கிடந்தார். ஊரில் யாருக்கும் இது தெரியாது.

அய்யா ஆடுகளை விற்றார். மகன் சீருடையில் எடுத்து அனுப்பிய போட்டோவை மடியில் செருகிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பினார். வாத்தியார் தடுத்துப் பார்த்தார்.

“அண்ணே, பம்பாய் என்ன நம்ம சந்தையா? பாஷ தெரியாது, ஆளு தெரியாது. எங்கிட்டுன்னு போயித் தேடுவீக?”

“எம்புள்ள பேரச் சொன்னா தெரியாமலா போகும்? வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மருத்துவமனையில் இன்னொருவரைக் கொண்டு தாத்தா எழுதிய கடிதம், அய்யா போன பிறகுதான் ஊருக்கு வந்தது.

கைகள் ஆறி, விடுப்பில் ஊர் திரும்பிய தாத்தாவைப் பூட்டிய வீடுதான் வரவேற்றது. வாத்தியார் விஷயத்தைச் சொன்னதும், கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே மறுபடி ரயிலேறினார். பம்பாய் துறைமுக வாசலில் டீ விற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு அய்யாவை நினைவிருந்தது.

“வந்தாரு தம்பி. போற வர்றவங்க எல்லார்கிட்டயும் போட்டோவக் காட்டிக் கேட்டுக்கிட்டே நின்னாரு. கடைசியில, தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் அந்தக் கப்பல் முங்கிப்போச்சுன்னு சொல்லிட்டான். போட்டோவத் தொடச்சு மடியில வச்சுக்கிட்டாரு. அப்படியே போனவர, பெறகு நான் பாக்கல.”

யுத்தம் முடியும்வரையிலும், முடிந்து படையிலிருந்து விலகிய பின்னும், தாத்தா தேடினார். தமிழர் குடிசைகள், தர்மாஸ்பத்திரிகள், சவக்கிடங்குகள் எல்லாவற்றிலும் தேடினார். கிடைக்கவில்லை.

மதுரைக்கு வந்து ஒரு மில்லில் கொதிகலன் வேலையில் சேர்ந்தார். தாத்தாவுக்குக் கல்யாணமான புதிதில், ராமேஸ்வரம் போகும் வழியில் கூட்டத்தை விட்டுப் பிரிந்த வடநாட்டுப் பெரியவர் ஒருவர் மதுரை ரயிலடியில் அழுதுகொண்டு நின்றிருக்கிறார். படையில் கற்ற இந்தியில் தாத்தா அவரிடம் பேசினார். வேலைக்குப் போகாமல் ராமேஸ்வரம்வரை கூட்டிப்போய், அவருடைய மகனைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தார். அப்பனும் மகனும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு வீடு வந்தவர், இரண்டு நாள் சோறு உண்ணவில்லை என்று அப்பத்தா சொல்வார்.

அமாவாசைக்கு அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவார்கள். “போயிட்டாருன்னு யாரு பாத்தா?” என்பார் தாத்தா. அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒருமுறை மட்டும் அப்பாவிடம், “நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே எங்கயோ போயிட்டாருப்பா. அதத்தான் என்னால தாங்க முடியல” என்று சொன்னாராம். காலம் போய், அய்யா உயிரோடு இருக்க வழியே இல்லை என்று ஆனபோதும் அவர் மனம் இசையவில்லை. நாங்களும் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

கடைசி வாரத்தில் அவரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஒரு காலையில் அப்பாவைப் பக்கத்தில் அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குச் செய்யிறப்ப எங்க அய்யாவுக்கும் சேத்துச் செஞ்சிருப்பா.”

“சரிப்பா” என்று அப்பா தலையசைத்தார். அதன் பிறகு தாத்தா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சடங்கு பேச வந்த ஐயர், அய்யா மறைந்த திதி என்ன என்று கேட்டார். “தெரியலைங்க சாமி. எங்கப்பா திதியையே ரெண்டு பேருக்கும் வச்சுக்கங்க” என்றார் அப்பா.

தாத்தாவைத் தம் வீட்டுப் பெரியவராக எண்ணி வந்து பார்த்த மருத்துவருக்கும், இரவு பகலாகத் துணை இருந்த தெருக்காரர்களுக்கும், உசிலம்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தங்களுக்கும், மில்லில் உடன் உழைத்த நண்பர்களின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று வீட்டில் இரண்டு இலை போட்டுப் படைக்கிறோம். நீங்கள் பார்த்தறியாத அந்த மனிதரின் இலைக்கு முன்னும் நின்று கும்பிடுகிறீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.