பன்னிரண்டாவது கல்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதன்பின் பேனாவைவிடத் தண்டவாளம் நெம்பும் அலவாங்கைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன்.

சிட்னியில் ரயில் பாதை வேலைக்குப் போன முதல் நாளே ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. மேற்பார்வையாளர் கிரேக் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் தலைக்கும் நேரே விரலை நீட்டி எண்ணுவார். எங்கள் மன்னார்ப் பக்கம் ஆட்களை அப்படி எண்ணுவதில்லை; எண்ணினால் ஒருவர் குறைவார் என்று அப்பா நம்பினார். வேலைக்குப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லை அப்பா தன் மடியில் கட்டிக்கொள்வார். ஒவ்வொருவர் திரும்பி வரும்போதும் ஒன்றை எறிந்துவிடுவார். நானும் அப்படித்தான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்களை நிறுத்திவைத்து ஒரு பழைய சுரங்கத்தில் வேலை நடந்தது. நீராவி எஞ்சின் காலத்தில் கையால் வெட்டிய சுரங்கம் அது. வாசல் வளைவில் பொறியியலாளரின் பெயர் செதுக்கியிருக்கிறது. உள்ளே சுவரெங்கும் பிக்காசு கொத்திய தடங்கள். கொத்தியவர்களின் பெயர் எங்கும் இல்லை. வாசலில் நின்று, எல்லாரும் வெளியே வந்ததும் கையெழுத்துப் போடுவது அன்று என் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் ரயிலை விடுவார்கள்.

பதினொரு பேர் போனார்கள். பதினொரு கருங்கல் சல்லிகளைப் பையில் போட்டேன். மூன்று மணிக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். எறிந்து முடித்தபின்னும் பையில் ஒன்று இருந்தது. மஞ்சள் நிறம். சுரங்கச் சுவரின் கல். அதை நான் எடுக்கவே இல்லை.

"கையெழுத்து போட்டுருங்க அண்ணே, பசிக்குது லா," என்றான் மலேசியாக்காரன் செல்வம்.

"இன்னும் ஒராள் உள்ளுக்கு நிக்குது, தம்பி. கிரேக்கிட்டச் சொல்லு."

அவன் சொன்னான். கிரேக் பட்டியலைக் காட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். செல்வம் தமிழில் சொன்னான்: "அந்தாளு பேரு என்னான்னு கேக்குறாரு."

என்னிடம் பெயர் இல்லை.

சண்டைக் காலத்தில் தலைமன்னார் ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகளை, ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கர் போடுவதற்காகப் பிடுங்கினோம். அப்பாவும் நானும் இன்னும் சிலரும். அந்தப் பாதையைப் போட்டபோது காய்ச்சலில் செத்த கூலிகளைப் பற்றி அப்பா சொல்லிக்கொண்டே கட்டையை நெம்புவார். ஒருநாள் ஷெல் விழுந்தது. ஓடினோம். அப்பாவின் மடியில் ஒரு கல் மிஞ்சியிருந்ததை நான் கண்டேன். "எல்லாரும் வந்திட்டினம், நட," என்றார். எங்களோடு கட்டை பிடுங்கிய மரியான் என்ற மனிதர் பிறகு எங்கும் தென்படவில்லை. சாகும்வரை அந்தக் கல்லை அப்பா எறியவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். திங்கட்கிழமை வேலை இருக்காது என்று தெரிந்தே ஆட்டினேன். கிரேக் முகம் சிவக்க டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னுடன் உள்ளே நடந்தார். யாரும் இல்லை. நடுவில், ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கச் சுவரில் குடைந்த ஒரு பொந்து. அதிலிருந்து வியர்வை மணம் வந்தது. பொந்தைப் பார்த்து மெல்லச் சொன்னேன்: "வேலை முடிஞ்சுது. வாங்கோ, போவம்."

திரும்பும்போது சல்லியில் மூன்று பேரின் காலடி கேட்டது. கிரேக் ஒருமுறை நின்றார்; பின்னால் பார்க்கவில்லை. வெளியே வந்து பேனாவை நீட்டினார். போட்டேன். திங்கட்கிழமையும் எனக்கு வேலை இருந்தது. கிரேக் அதன்பின் விரல் நீட்டி எண்ணியதில்லை.

மஞ்சள் கல்லை எறிய மனம் வரவில்லை. மெரிலேண்ட்ஸில் ரயில் பாதையோரம் இருக்கும் என் வீட்டு ஜன்னல் கட்டையில், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். ரயில் போகும்போது கட்டை அதிரும். காலையில் தள்ளி வைத்துவிட்டுப் போகிறேன். மாலையில் வந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்தக் கல் நகர்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை