கம்பளிப் புலி

மூன்று வருஷம் கழித்து அப்பா துபாயிலிருந்து வந்திறங்கிய அன்று எங்கள் வீடு கல்யாண வீடாகிவிட்டது. டேப்ரிக்கார்டர், டார்ச் லைட், வாசனை சோப்பு என்று பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வர வர, நாலாம் வகுப்புப் படித்த நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தடிமனான கம்பளி. அதில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு புலி. முத்துப்பேட்டை வெயிலில் அதைப் போர்த்தினால் ஆள் வெந்தே போவான். இருந்தாலும் தன் சிநேகிதருக்கென்று அப்பா அதைச் சுமந்து வந்திருந்தார்.

அந்தச் சிநேகிதரை ஊரார் பாய் என்பார்கள். நான் மாமா என்பேன். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அப்பாவும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டிக்குப் போய்ப் படம் பார்த்து, மறுநாள் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். அப்பா விமானம் ஏறியபோது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். பிரசவத்துக்கு வண்டி பிடித்தது, தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் மாமாதான். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அதனால் காது குத்தும்போது தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டவரும் அவரே.

தம்பி பகலெல்லாம் பூத்தில்தான் கிடப்பான். மாமாவின் இரண்டு பெண்களும் அவரை அத்தா என்று கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டில் தகப்பனை அப்படித்தான் அழைப்பது. அதைக் கேட்டு வளர்ந்த தம்பியும் அவரை அத்தா என்றே கூப்பிட்டான். அதுவரைக்கும் நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று அப்பா ஆசையாகக் கையை நீட்ட, அவன் வீலென்று கத்தி மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அத்தா, வீட்டுக்குப் போவோம்" என்றபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பா சாக்லேட் கொடுத்துப் பார்த்தார். வாங்கித் தின்றுவிட்டு ஓடினான். சாவி கொடுத்தால் ஓடும் கார் கொடுத்தார். காரையும் எடுத்துக்கொண்டு பூத்துக்குப் போய்விட்டான். லீவு கரைந்துகொண்டே வந்தது.

"ஒரு தடவகூட அப்பான்னு கூப்புடாமயே நான் பிளைட் ஏறணுமாடா?" என்று அப்பா ஒருநாள் மாமாவிடம் கேட்டேவிட்டார்.

 மாமா துள்ளி எழுந்தார்.

"மாப்ள, எந்தப் படத்துலயாச்சும் காப்பாத்துனவன விட்டுட்டுப் புள்ள வேற ஆளுகிட்டப் போயிருக்கா? இல்லல்ல? நான் வில்லன், நீ ஹீரோ. சாயங்காலம் ஷூட்டிங்!"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புலிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாமா வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து நாலு காலில் பாய்வார். தம்பி பயந்து ஓடுவான். எதிரே அப்பா கையை விரித்து நிற்பார். அவ்வளவுதான், சுபம். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் புலி வந்தது. மாமாவுக்கு உறுமல் சரியாக வரவில்லை. சினைமாடு கத்துவது போலிருந்தது. ஆனால் தம்பிக்கு அதுவே போதும். உதடு பிதுங்க ஒரே ஓட்டம். அப்பா மண்டிபோட்டு இரண்டு கையையும் விரித்தார். நேராக அவரை நோக்கித்தான் வந்தான். நான் கைதட்டத் தயாரானேன். படுபாவி, அப்பாவின் கைக்குக் கீழே குனிந்து புகுந்து, ரோட்டுப் பக்கம் பறந்தான்.

"அத்தா! புலி வருது! அத்தா!"

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. புலி இரண்டு காலில் எழுந்தது. கம்பளியைக் கைலி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியது.

"அத்தா இங்கதான்டா இருக்கேன் தங்கம்! தோ வந்துட்டேன்!"

ரோட்டுக்கு முன்னாலேயே பிடித்துத் தூக்கிவிட்டார். தம்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கீழே தொங்கிய புலி மூஞ்சியைக் காலால் உதைத்தான். கரண்டியும் கையுமாக வந்த அம்மா, "புள்ள பெத்த வயசுல ரெண்டு பேருக்கும் கூத்தப் பாரு!" என்று கத்தினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா வைக்கோலில் விழுந்து புரண்டு சிரித்தார். முதலில் நிறுத்தியவரும் அவர்தான். மாமா அதைக் கவனித்தார்.

மறுநாளே மாமா குடும்பத்தோடு தரங்கம்பாடியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பூத்தைத் தன் மச்சினனிடம் விட்டிருந்தார். அங்கே என்னவோ கல்யாண வேலை என்றார். யாருக்குக் கல்யாணம் என்று அம்மா கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பாவை விட்டுவிட்டு இப்போது போய் ஒரு கல்யாணமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தம்பி பூத் வாசலில் உட்கார்ந்து அழுதான். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையெல்லாம் சுற்றினார். ஆற்றில் தண்ணீர் விட்டு, ஊர் முழுக்க நடவு நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு காலையில் அப்பா அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு, குதிரை மாதிரி கனைத்தபடி எங்கள் சேற்று வயலில் இறங்கினார். கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. வரப்பில் இறக்கிவிடப்பட்ட தம்பி, திடீரென்று அவர் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

"அப்பா, வா! எந்திரி அப்பா!"

காலை உருவிக்கொள்ள முடிந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. இன்னும் இழுடா, இன்னும் இழுடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரே பாய்ச்சலில் கரையேறி, அவனைத் தூக்கிக்கொண்டு சேறும் சகதியுமாகக் கடைத்தெருவில் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பூத்தின் கண்ணாடிக் கதவெல்லாம் சேறு.

தரங்கம்பாடிக்கு லைன் கிடைத்ததும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "டேய், கூப்புட்டுட்டான்டா! அப்பான்னு கூப்புட்டுட்டான்! நீயே கேளு!"

ரிசீவரைத் தம்பியின் வாயருகே பிடித்தார். அவன் பாட்டுப் போல அப்பா, அப்பா என்று நிறுத்தாமல் சொன்னான். நான் எம்பிக் குதித்து ரிசீவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"மாமா வச்சுட்டாங்கப்பா. லைன் கட்டாயிருச்சு" என்றேன்.

அப்பா ரிசீவரை வைக்கவில்லை. காதோடு பிடித்துக்கொண்டு நின்றார். மேலே இருந்த, பேசும் நேரத்தைக் கணக்குப் போடும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. லைன் கட்டாகியிருந்தால் அவை நின்றிருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.